ராமுத்தாய் பன் சுட்ட பங்குனி

எங்கள் தெருவில் ராமுத்தாயின் கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. எம். புதுப்பட்டியிலேயே பிறந்தவள். பத்து வயதில் தீப்பெட்டி ஒட்ட உட்கார்ந்தாள். வயதுக்கு வந்த மறுவருஷமே பட்டாசுக் கம்பெனிக்குத் திரி சொருகப் போனாள். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்கு ஓடும். லீவு நாளிலும் அடுப்புக்கு மண் பூசுவாள், கீரை ஆய்வாள், ஒரு வேலையும் அகப்படவில்லையென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை இழுத்து வைத்துப் பேன் பார்ப்பாள்.

நானும் அதே கம்பெனியில் அவளுக்கு அடுத்த அறையில் வேலை பார்த்தவள்தான். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது எங்கள் எல்லார் மேலும் அலுமினியத் தூள் படிந்திருக்கும். வெயில் பட்டால் மின்னுவோம். குளித்தாலும் நகக்கண்ணில் தங்கிவிடும். அந்த மினுமினுப்போடுதான் சோறு பிசைவோம், அந்த மினுமினுப்போடுதான் தூங்குவோம்.

2005ஆம் வருஷம் மாசி கடைசியில் அவள் வேலைக்கு வராமல் நின்றாள். வயிற்றில் ஐந்து மாசம். அதுவரை யாரிடமும் மூச்சுக்கூட விடவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நாங்கள் யாரும் கேட்கவுமில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷம் தாண்டியிருந்தது. முதல் பிள்ளை ஏழாம் மாசத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனது. அடுத்தது தங்கவே இல்லை, மூன்றாம் மாசத்தோடு கரைந்துவிட்டது. இப்போது மூன்றாவது. பட்டாசு மருந்து நெடியில் உட்கார வேண்டாம் என்று சிவகாசி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் இருக்கும் கைக்கு என்ன வேலை கொடுப்பது என்பதுதான் பிரச்சினை. வேறு ஊர்க்காரிகள் என்றால் பிள்ளைக்குச் சட்டை தைப்பார்கள், குல்லா பின்னுவார்கள். எங்கள் பக்கம் அந்த வழக்கமே கிடையாது. பிறக்காத பிள்ளைக்கு ஒரு முழம் துணி எடுத்து வைக்கக் கூடாது. தொட்டில் என்ற வார்த்தையைக்கூட வீட்டுக்குள் சொல்ல மாட்டார்கள். முதல் தடவை ராமுத்தாய் அதைக் கேட்கவில்லை. சின்னப்பெண், ஆசை. கையாலேயே ஆறேழு சட்டை தைத்துப் பெட்டியில் மடித்து வைத்திருந்தாள். பிள்ளை போனதும் ஊர் முழுக்க அந்தச் சட்டைகளைத்தான் பேசியது.

அப்படிப் பேசியவர்களில் முதல் ஆள் அய்யம்மாள். ராமுத்தாயின் வீட்டுக்காரன் சோணைமுத்துவுக்கு மூத்தவள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வாய் கொஞ்சம் முரடு, ஆனால் தம்பி வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அவளுக்குச் சோறு இறங்காது. இந்தத் தடவை அவள் முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டாள். ஒரு துண்டுத் துணி, ஒரு கயிறு, ஒரு கிலுக்கு, எதுவும் கூடாது. ராமுத்தாய் தலையை ஆட்டினாள்.

பங்குனி பிறந்தது. வேம்பு பூத்துத் தெருவெல்லாம் வாசம். புங்கமரம் முழுக்கத் தளிர் விட்டுப் பச்சை எண்ணெய் பூசினது மாதிரி நின்றது. எங்கள் ஊரில் அந்தப் பத்துப் பதினைந்து நாள்தான் மரங்களுக்கு அழகு. அதற்குப் பிறகு வெயில் எல்லாவற்றையும் காயப்போட்டுவிடும். நாங்கள் கம்பெனி வேனில் ஏறும்போது ராமுத்தாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் கையை நீட்டிக் காட்டினாள். நகக்கண்ணில் வெள்ளி இல்லை. கை அவளுடைய சொந்த நிறத்தில் இருந்தது. கம்பெனிக்குப் போன நாளிலிருந்து அவள் அந்த நிறத்தைப் பார்த்ததில்லை. யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பது போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அந்தச் சமயத்தில் அய்யம்மாளின் வெள்ளாடு குட்டி போட்டது. கறுப்பில் நெற்றி மட்டும் வெள்ளை. நாலாம் நாள் அந்தக் குட்டி நீலக்கட்டம் போட்ட சட்டையோடு தெருவில் துள்ளித் திரிந்தது. சோணைமுத்துவின் பழைய கைலியைக் கிழித்து ராமுத்தாய் தைத்தது. கழுத்துக்கு மடிப்பு, முதுகில் கட்ட இரண்டு நாடா. பிள்ளைகள் குட்டியின் பின்னாலேயே ஓடினார்கள். நாங்கள் சிரித்துச் சிரித்து மாய்ந்தோம். வெயில் சுடுகிறது, குட்டி பாவம் என்று ராமுத்தாய் சொன்னாள்.

அய்யம்மாளும் சிரித்துக்கொண்டுதான் குட்டியைப் பிடித்தாள். நாடாவை அவிழ்த்துச் சட்டையைக் கழற்றி விரித்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. சட்டையில் இரண்டு கை இருந்தது. விரல்நீளக் கை. ஓரம் உறுத்தாமல் இருக்க உள்பக்கமாக மடித்துத் தைத்த கை.

"ஆட்டுக்கு எதுக்கு கை, புள்ள?" என்றாள்.

ராமுத்தாய் குனிந்து குட்டியின் முதுகைத் தடவினாள். தெருவில் நின்ற நாங்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். அய்யம்மாள் திட்டவில்லை. சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய், ராமுத்தாயின் ஊசி நூல் டப்பாவை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். சாயங்காலத்துக்குள் தாயாடு கொடியிலிருந்த சட்டையை இழுத்து மென்று தின்றுவிட்டது. அதோடு அந்தக் கதை முடிந்தது.

ஊசி போன பிறகுதான் அவளுக்குப் பன் மேல் மசக்கை வந்தது. மசக்கைக்கு அது காலமே இல்லை. மாங்காயும் சாம்பலும் கேட்கிற மாசங்கள் தாண்டிவிட்டன. ஆனாலும் பன்தான் வேண்டும், அதுவும் சூடாக. எங்கள் ஊருக்குப் பன் கண்ணுச்சாமி கொண்டுவந்தால்தான் உண்டு. சிவகாசியில் ஒரு பேக்கரியில் சரக்கு எடுத்துத் தகரப்பெட்டியில் அடுக்கி, சைக்கிளில் ஊர் ஊராக விற்பவர். நாலு ஊர் சுற்றி எங்கள் தெருவுக்கு வரும்போது பன் ஆறிப் பஞ்சாகியிருக்கும். ராமுத்தாய் ஒன்றை வாங்கிப் பிய்த்து மோந்து பார்த்துவிட்டு, இது அடுப்பிலிருந்து வரும்போது எப்படி இருக்கும் என்று கேட்டாள். அவர் முன்பு மாவு பிசையும் வேலையில் இருந்தவர். அந்த வாசத்தைச் சொல்ல முடியாது தாயி என்று சொல்லிச் சைக்கிளில் சாய்ந்து நின்றுவிட்டார். அன்றைக்கு அவர் பன் விற்றதைவிடப் பன் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

அடுத்த நாள் ஒரு காகிதப் பொட்டலத்தில் கொஞ்சம் ஈஸ்ட் கொண்டுவந்தார். கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிய, மண் நிற மணிகள். ராமுத்தாய் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் எத்தனையோ தூளைக் கையில் வைத்திருக்கிறாள். தூள் என்றாலே அவளுக்கு உரசக் கூடாது, சிந்தக் கூடாது, தட்டக் கூடாது.

"இது என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது தாயி. இதுக்கு உசுரு இருக்கு. இப்ப தூங்குது. வெதுவெதுன்னு தண்ணியும் துளி சீனியும் குடுத்தா முழிச்சிக்கும்."

"சூடு கூடிப்போனா?"

"செத்துரும்."

அந்த ஒரு வார்த்தையில் அவள் பயந்துவிட்டாள். பொட்டலத்தை இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் தண்ணீரைச் சுட வைத்து, ஆற வைத்து, முழங்கையை விட்டுப் பார்த்து, மறுபடி ஆற வைத்து, சீனி போட்டு அந்த மணிகளைத் தூவினாள். தூவிவிட்டுப் பக்கத்திலேயே குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீருக்குள் ஒரு புள்ளி அசைந்தது. அடியிலிருந்து ஒரு நுரை எழும்பி வந்து வாய் திறந்தது. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் தம்ளர் முழுக்க மேலேறி நின்றது.

அதை மைதாவில் ஊற்றிப் பிசைந்தாள். பிசைவது அவள் கைக்குப் பிடித்துப்போயிற்று. ஊசி போன நாளிலிருந்து வேலையில்லாமல் கிடந்த கை. உருட்டி எண்ணெய் தடவிச் சட்டியில் வைத்து, ஈயத்தட்டால் மூடிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். பங்குனி வெயிலுக்கு மாவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. குடத்தோடு திரும்பி வந்தவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். ஈயத்தட்டு சட்டியின் மேல் இல்லை. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. யாரோ உள்ளிருந்து தலையால் முட்டித் தள்ளினது மாதிரி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒரு நூலளவு ஏறியது.

அய்யம்மாளை ஓடிவரச் சொல்லிக் கூப்பிட்டாள். அய்யம்மாள் வந்து தட்டை எடுத்தாள். உள்ளே மாவு வெள்ளையாக, உருண்டையாக, மேல்தோல் விம்மி நின்றது. விரலால் தொட்டாள். குழி விழுந்து, மெல்ல மெல்லத் தானே நிமிர்ந்து வந்தது. அய்யம்மாள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோயிலில்தான் அப்படிச் செய்வாள்.

அவர்கள் இரண்டு பேரும் வெகுநேரம் அந்தச் சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக ராமுத்தாய் பின்னால் என்னிடம் சொன்னாள். அய்யம்மாள் எழுந்து போகும்போது, தட்டை மெதுவாக மூடு, முழிச்சிருக்கு என்றாளாம்.

மாவு எழும்பிவிட்டது, சுடுவதற்குத்தான் வழியில்லை. அன்றைக்கு அதைத் தோசைக்கல்லில் போட்டார்கள். அடி கருகி, நடு வேகாமல், ஆட்டுக்குத்தான் போனது. பேக்கரி அடுப்பு எப்படி இருக்கும் என்று கண்ணுச்சாமியிடம் கேட்டுக்கொண்டு, ராமுத்தாய் கொல்லையில் தானே ஒன்று கட்டினாள். வாய் அகன்ற புதுப்பானை ஒன்றைப் படுக்கவைத்து, சுற்றிலும் புற்றுமண்ணும் வைக்கோலும் பிசைந்து கனமாக அப்பினாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு மண் குழைக்காதே என்று சோணைமுத்து சொல்லிப் பார்த்தான். அவன் லாரிகளுக்கு லோடு ஏற்றுகிறவன். விடிந்து போனால் அடைந்துதான் வருவான். கடைசியில் அவனே காலையில் புற்றுமண் வெட்டிக் கொல்லையில் கொட்டிவிட்டு வேலைக்குப் போனான்.

மண் காய்ந்ததும் பானைக்குள் சீமைக்கருவேல விறகைப் போட்டுப் பற்றவைத்தாள். அன்று ஞாயிறு, நாங்கள் எல்லாரும் வீட்டில் இருந்தோம். நடுமத்தியானம். டமார் என்று ஒரு சத்தம்.

எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தமே கிடையாது. கம்பெனி லீவு என்பதுகூட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சோற்றில் கை வைத்தவர்கள் கையோடு ஓடி வந்தோம். தெரு முழுக்கப் பெண்கள், எல்லார் கண்ணும் மேற்கே கம்பெனிகள் இருக்கிற பக்கம் புகை தேடியது. எதிர்வீட்டு முருகம்மாள் தன் பிள்ளைகள் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். புகை ராமுத்தாயின் கொல்லையிலிருந்து வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் பானை இரண்டாகப் பிளந்து, மண் பாளம் பாளமாகச் சரிந்து கிடக்கிறது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வயிற்றை மறைத்துக்கொண்டு நிற்கிறாள். காயம் ஒன்றும் இல்லை.

பானைதான் என்று தெரிந்ததும் ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி அழுதாள். முருகம்மாள் தன் பிள்ளைகளின் கையை விடவே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் தங்கச்சியைக் கம்பெனி விபத்தில் பறிகொடுத்திருந்தாள். ராமுத்தாய் அவள் பக்கத்தில் போய் நின்றாள். அன்றோடு அடுப்பும் வேண்டாம், பன்னும் வேண்டாம் என்று ஈஸ்ட் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்துக் காலையில் கொல்லைப் பக்கம் மண் குழைக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அய்யம்மாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முழங்கால்வரை புற்றுமண்ணில் மிதித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் வீட்டு வெந்நீர்ப் பானை. பல வருஷம் அடுப்பிலேயே இருந்து கரியேறிக் கல்லாகிப்போன பானை.

"பச்சைப் பானையில தீயைப் போட்டா வெடிக்காம என்ன செய்யும்? சூடு பழகுன பானையா இருக்கணும்" என்றாள். பிறகு மிதிப்பதை நிறுத்தாமலே, "கையை வச்சுக்கிட்டு அவ சும்மா உக்காந்திருக்கிறதைப் பாக்க முடியல எனக்கு" என்றாள்.

இந்தத் தடவை அவர்கள் அவசரப்படவில்லை. நிழலில் காயவிட்டார்கள். முதல் நாள் சுள்ளி மட்டும் எரித்தார்கள், அடுத்த நாள் கொஞ்சம் கூட. முருகம்மாளிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிட்டுத்தான் பெரிய விறகு வைத்தார்கள். அவளும் வந்து நின்றாள், கொஞ்சம் தள்ளி. பானையின் உள்பக்கம் கரியெல்லாம் எரிந்து வெளுக்கும்வரை தீ நின்றது. பிறகு ராமுத்தாய் கங்கு ஒன்று விடாமல் வெளியே வாரித் தண்ணீர் தெளித்து அணைத்தாள். உள்ளே சாம்பலைத் துடைத்தாள். நான் திருப்பிக் கொடுத்த ஈஸ்டில் எழும்பி நின்ற மாவுருண்டைகளைத் தட்டில் வரிசையாக வைத்து உள்ளே தள்ளி, வாயைப் பலகையால் மூடி மண் பூசினாள்.

தீயே இல்லாத அடுப்பில் என்ன வேகப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. வெளியே நின்று பார்த்தால் அது ஒரு மண்மேடு, அவ்வளவுதான். புகை இல்லை, சத்தம் இல்லை. நாங்கள் தீயோடு பிறந்து வளர்ந்தவர்கள். தீ என்றால் எங்களுக்குச் சீறும், பாயும், கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இது வேறு மாதிரி. தீ போய்விட்டது, ஆனால் மண் அதை மறக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் உள்ளே ஒரு வேலை நடக்கிறது.

முதலில் வந்தது வாசம்தான். மண் பூச்சின் வெடிப்பு வழியாக மெலிதாகக் கசிந்தது. பிறகு கொல்லை முழுக்க, பிறகு தெரு முழுக்க. வேப்பம்பூ வாசத்தையும் தாண்டி அது நின்றது. கண்ணுச்சாமி சொன்னது சரி, அதைச் சொல்ல முடியாது. கட்டிலில் கிடந்த கிழவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். ராமுத்தாய் பலகையைப் பெயர்த்தபோது உள்ளே பத்துப் பன்னிரண்டு பன், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, பொன்னிறமாக, வைத்ததைப் போல இரண்டு மடங்காக இருந்தது. யாரும் உடனே கை நீட்டவில்லை. முருகம்மாள்தான் கிட்டே வந்தாள். ராமுத்தாய் ஒன்றைப் பிய்த்து முதலில் அவளுக்குக் கொடுத்தாள். பிய்த்த இடத்திலிருந்து ஆவி எழும்பியது. முருகம்மாள் அதை முகத்தில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடினாள்.

அம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல் வந்தது. அது முடியவும் தெருப்பெண்கள் எல்லாரும் மாவு பிசையக் கற்றுக்கொண்டார்கள். ஞாயிறு காலையில் ஆளுக்கொரு தட்டோடு அந்தக் கொல்லையில் நிற்போம். ஒருத்தி கருப்பட்டி சேர்ப்பாள், ஒருத்தி ஏலம் தட்டிப் போடுவாள். முந்தின வாரம் எதுவெல்லாம் கருகியது என்று பேசிச் சிரிப்போம். ராமுத்தாய் அடுப்பின் வாயருகில் கையை நீட்டிப் பார்த்தே இன்னும் கொஞ்சம் ஆறட்டும், இப்போது வைக்கலாம் என்று சொல்லுவாள். அப்படிச் சொல்லும்போது இன்னொரு கை தானாக வயிற்றில் இருக்கும்.

சித்திரையில் ஏழாம் மாசம் தொடங்கியது. அதிலிருந்து அய்யம்மாள் அவள் வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். ஊரே குரலைத் தாழ்த்திப் பேசினது மாதிரி இருந்தது. ஒரு நாள் காலையில் ராமுத்தாய் வாசலில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. விடிந்ததிலிருந்து பிள்ளை அசையவில்லை என்றாள். சீனித்தண்ணீர் குடித்துப் பார்த்தாள், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தாள். அசைவில்லை. முதல் தடவையும் இப்படித்தான் தொடங்கியது.

சோணைமுத்துவுக்குச் சொல்லியனுப்பினோம். லோடு இறக்கிவிட்டுக் காலியாக நின்ற வேனை எடுத்துக்கொண்டு வந்தான். சிவகாசி வரை அய்யம்மாள் வழியில் வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே வந்தாளாம். அங்கே நடந்ததைச் சோணைமுத்து பிற்பாடு எங்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறான்.

டாக்டரம்மா இவளைப் படுக்கவைத்து, வயிற்றில் எதையோ தடவி, கைக்கு அடக்கமான ஒரு மெஷினை வைத்து அழுத்தினார். கரகரவென்று வெறும் இரைச்சல். இடம் மாற்றி வைத்தார். மறுபடி இரைச்சல். ராமுத்தாய் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மூன்றாவதாக அடிவயிற்றில் ஓர் ஓரமாக வைத்தபோது சத்தம் வந்தது. டக்டக் டக்டக் என்று, வேகமாக, கொஞ்சமும் தடுமாறாமல். அச்சாபீஸில் மெஷின் முழு வேகத்தில் ஓடுவது போல அந்த அறை முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது.

"என்னம்மா சத்தம் இது?" என்று சோணைமுத்து கேட்டான்.

"உங்க பிள்ளையோட இதயம்" என்றார் டாக்டரம்மா. "நல்லா இருக்கு. தூங்கிட்டிருந்திருக்கும்."

சோணைமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். கோயில் நடை திறக்கும்போது செய்வது போல. அவனுக்கு அது தெரியவே இல்லை, அய்யம்மாள்தான் பார்த்தாள். ராமுத்தாய் அழவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வைக்கிறீங்களா என்று மட்டும் கேட்டாள். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், ஆனாலும் டாக்டரம்மா கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். மூன்று பேரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தனக்குள் இவ்வளவு வேகமாக ஒன்று ஓடிக்கொண்டிருக்க, தான் இத்தனை நாளும் சோறு பொங்கி, மண் குழைத்து, மாவு பிசைந்து திரிந்திருக்கிறோமே என்று ராமுத்தாய்க்கு நினைக்க நினைக்கத் தாளவில்லையாம்.

அந்த வாரமும் அவள் அடுப்பு பற்றவைத்தாள். ஒன்பதாம் மாசத்தில்தான் வளைகாப்புப் போட்டார்கள். கண்ணாடி வளையலோடு, அவள் சுட்ட பன்னையும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வளைகாப்பு நடந்ததில்லை.

ஆனி கடைசியில் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையை முதலில் கையில் வாங்கியது அய்யம்மாள்தான். அழுதுகொண்டே பழைய வேட்டித் துணியில் சுற்றினாள். வீட்டுக்கு வந்த அன்றே தன்னுடைய நைந்துபோன சேலை ஒன்றைக் கிழித்தெடுத்து ராமுத்தாயின் மடியில் போட்டாள். ஊசி நூல் டப்பாவையும் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தா. இனிமே தை. எம்புட்டு வேணும்னாலும் தை" என்றாள்.

ஆனால் வேடிக்கை என்னவென்றால் ராமுத்தாய் தைக்கவில்லை. ஊசியில் நூல் கோத்து வைத்துக்கொண்டு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுப்பில் கஞ்சி பொங்கி வழியும், பார்த்துக்கொண்டிருப்பாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் தெரியாது. வேலை பக்கத்திலேயே இருக்க, அவள் கை சும்மா இருந்து நான் பார்த்தது அப்போதுதான். தையலை எல்லாம் அய்யம்மாளே செய்து முடித்தாள், கோணல்மாணலாக.

பிள்ளைக்கு ஓவியா என்று பேர் வைத்தார்கள். சோணைமுத்து காலண்டர் கம்பெனிக்கு லோடு ஏற்றப் போன இடத்தில் கேட்டுவந்த பேர். ராமுத்தாய் அதற்குப் பிறகு பட்டாசு வேலைக்குப் போகவே இல்லை. பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியதும் அச்சாபீஸில் காலண்டர் தாள்களின் தலையில் தகரப் பட்டை அடிக்கப் போனாள், இப்போதும் அதுதான் வேலை. கொல்லை அடுப்பை ஐப்பசி மழை கரைத்துவிட்டது. அடுத்த பங்குனியில் தெருவே சேர்ந்து இன்னும் பெரிதாக ஒன்று கட்டினோம்.

அதெல்லாம் பிறகு. எனக்கு நினைவில் நிற்பது ஆடி மாசத்தில் ஒரு சாயங்காலம். அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிள்ளையை வீட்டுக்கு வெளியே தூக்கி வந்தாள். நான் வேனிலிருந்து இறங்கிப் போய் அவள் பக்கத்தில் நின்றேன், மேலெல்லாம் தூள் என்பதால் தொடாமல் கொஞ்சம் தள்ளியே நின்றேன். தெருக்கோடியில் வீடுகள் முடிந்து கரிசல்காடு தொடங்கும் இடம். ஆடிக்காற்று தடுப்பார் இல்லாமல் வரும். திடீரென்று ஒரு வீச்சு வந்து பிள்ளையின் முகத்தில் மோதியது.

பிள்ளை மூச்சைப் பிடித்தது. கண் இரண்டையும் அகல விரித்து, வாயைத் திறந்து, கைகளை விரல் விரலாகப் பரப்பியது. அழப்போகிறது என்று நினைத்தேன். அழவில்லை. காற்று கடந்து போனதும் மூச்சை விட்டது. எங்கே போயிற்று என்பது போலக் கண்ணை அங்கேயும் இங்கேயும் உருட்டியது.

"காத்துன்னா என்னன்னு இப்பத்தான் தெரியுது இவளுக்கு" என்றாள் ராமுத்தாய். சத்தம் போட்டால் ஏதாவது கலைந்துவிடும் என்பது போல மெல்லச் சொன்னாள்.

சேலைத் தலைப்பால் பிள்ளையின் தலையை மூடப்போனவள், மூடாமல் நிறுத்திக்கொண்டாள். மேற்கே பார்த்துத் திரும்பி நின்றாள். தூரத்தில் சோளத்தட்டைகள் ஒவ்வொரு வரிசையாகச் சாய்ந்துகொண்டு வந்தன. அடுத்த காற்று வருவதற்காக நாங்கள் மூன்று பேரும் நின்றோம்.